கொடைக்கானல் பாதரச ஆலையும் நிறுவனப் பொறுப்புடைமையும்

கொடைக்கானல் பாதரச மாசு என்பது, அங்கு இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவுகளால் ஏற்பட்ட சூழல் சிக்கலாகும். நிறுவனங்களின் நீடித்த வளர்ச்சி வாக்குறுதிகளுக்கு யார் பொறுப்பேற்பது என்ற விவாதத்தில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் சீஸ்புரோ-பாண்ட்ஸ் நடத்திய ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. தயாரித்த வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதியாயின. 1987இல் சீஸ்புரோ-பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவரின் பொறுப்பில் வந்தது. ஆலையை நிறுவியது ஒருவர், கணக்குச் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்ற நிலை இப்படித்தான் உருவானது.

2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய பல டன் உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை முன்னாள் தொழிலாளர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். அதை முதலில் கண்டறிந்தது நிறுவனத்தின் உள்தணிக்கையோ அரசு ஆய்வாளர்களோ அல்ல என்பது கவனிக்கத்தக்கது. அம்மாதமே ஆலை மூடப்பட்டது. விதிமுறைகளை மீறிக் கழிவு விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

தொழிலாளர்களின் உடல்நலக் கோரிக்கை அவ்வளவு எளிதில் தீரவில்லை. சிறுநீரகம், நரம்பு தொடர்பான பாதிப்புகளை அவர்கள் முறையிட்டனர். பாதரசத்தால் பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. 2006இல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. இதற்கிடையே 2010இல் யூனிலீவர் தன் 'நீடித்த வாழ்வுத் திட்டத்தை' அறிவித்து, உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் உடல்நலத்தை மேம்படுத்த உதவுவது அதன் இலக்குகளுள் ஒன்று. அப்போது கொடைக்கானல் தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் காத்திருந்தனர்.

2015இல் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரப்பின் பாடல் காணொளி இணையத்தில் பரவி, பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. பத்தாண்டு வழக்கு நகர்த்தாததை அது நகர்த்தியது என்றே சொல்லலாம். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதநேய அடிப்படையில் தரப்படுவதாக நிறுவனம் கூறிய அத்தொகை வெளியிடப்படவில்லை.

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 2012இல் முதல் 100 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், 2022-23 நிதியாண்டிலிருந்து விரிவான வடிவில் முதல் 1000 நிறுவனங்களுக்கும் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆண்டறிக்கை முதன்மையாக அந்த ஆண்டின் கணக்கையே சொல்லும். பாதரசம் மண்ணில் பல்லாண்டுகள் தங்கும்.

ஆலை வளாகத்தின் சரிவு பாம்பாறு சோலையை நோக்கி இறங்குகிறது. அங்குள்ள மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குத் தூய்மைப்படுத்தினால் போதும் என முடிவானது. யூனிலீவரின் தாயகமான பிரிட்டனில் இதைவிடக் கடுமையான அளவுகோல் கேட்கப்பட்டிருக்கும் என்று ஆர்வலர்கள் எதிர்த்தனர்.