பாடத்தை எடுப்பதும் விடுவதும்: ஒரு பழைய சண்டையின் கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தொடங்கியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் 'ஆட்-டிராப்' காலம். பதிவு செய்த பாடம் பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். வேறொன்று கண்ணில் பட்டதா, இடம் இருந்தால் சேரலாம். கடைசித் தேதி தாண்டிவிட்டால் கதை வேறு. மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும், கட்டிய பணமும் பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது. ஏதோ ஒரு குமாஸ்தா மேஜையில் உட்கார்ந்து எழுதிய விதி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் 'படிக்க வேண்டிய பாடத்தை மாணவனே தேர்ந்தெடுக்கலாமா?' என்ற கேள்விக்காக அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட நூறு வருடம் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு மிஞ்சியவைதான் இந்தத் தேதிகளும் படிவங்களும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கல்லூரி என்றால் லத்தீன், கிரேக்கம், கணிதம், கடைசி வருடத்தில் கொஞ்சம் தத்துவம். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நேரம். மாணவன் மனப்பாடம் செய்து வந்ததை எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும், ஆசிரியர் மார்க் போடுவார். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? :-)) செத்துப்போன மொழிகளை எதற்குப் படிக்க வேண்டும் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக 1828-இல் யேல் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரிப் படிப்பு தகவல் சேர்ப்பதற்கு மட்டும் அல்ல, மனதுக்குத் தேகப்பயிற்சி மாதிரி. எந்தப் பயிற்சி நல்லது என்று பயில வருகிற பையனுக்குத் தெரியாது என்பது அதன் வாதம். அபத்தமான வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த ஐம்பது வருடம் பல கல்லூரிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டின.

எதிர்த்து முயன்றவர்களும் உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1825-இல் திறந்தபோது எட்டுத் துறைகள் இருந்தன, எதில் சேர்வது என்பது மாணவன் விருப்பம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட் 1850-இல் இதே யோசனையோடு ஓர் அறிக்கை எழுதினார். நடைமுறைப்படுத்தியும் பார்த்தார், ஓடவில்லை. 1855-இல் பதவியை விட்டு விலகினார். பிரவுனுக்கு மறுபடி வருவோம்.

சார்லஸ் வில்லியம் எலியட் என்ற வேதியியல்காரர் வந்த பிறகுதான் காற்று திசை மாறியது. பாஸ்டனின் பெரிய குடும்பம். ஆனால் 1857-இல் அமெரிக்காவை உலுக்கிய நிதி நெருக்கடியில் அப்பாவின் சொத்து கரைந்துபோனது. ஹார்வர்டில் எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போய் அங்கே கல்வி எப்படி நடக்கிறது என்று பார்த்தார். ஒரு பெரிய துணி ஆலை, ஆண்டுக்கு 5000 டாலர் சம்பளத்தில் மேலாளராக வரும்படி அழைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்த எம்ஐடியில் பாடம் நடத்தப் போனார். 1869-இல், 35 வயதில், ஹார்வர்டின் தலைவர் ஆனார். 40 வருடம், 1909 வரை, அந்த நாற்காலியை விடவில்லை.

எலியட் ஒரே நாளில் எதையும் உடைக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு படியாகக் கழற்றினார். 1872-இல் கடைசி வருட மாணவர்களுக்குக் கட்டாயப் பாடங்கள் நீங்கின. 1879-இல் மூன்றாம் வருடம், 1884-இல் இரண்டாம் வருடம். அடுத்த வருடமே முதலாம் ஆண்டிலும் கட்டாயம் பெருமளவு குறைந்தது. 1897 வாக்கில் ஹார்வர்டில் எல்லோரும் கண்டிப்பாகப் படித்தே ஆக வேண்டியது என்று மிஞ்சியது முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றுதான். நடுவில் 1886-இல் தினசரிக் கட்டாயப் பிரார்த்தனையும் போனது. வருகைப் பதிவையும் தளர்த்திப் பார்த்தார்கள். மகனைத் தேடிய ஒரு தகப்பனாருக்கு, பையன் வகுப்பில் இல்லை, கியூபாவின் ஹவானாவில் இருக்கிறான் என்று தெரியவந்ததாம். அதன் பிறகு வருகைப் பதிவு திரும்பி வந்ததாக ஒரு கதை உண்டு.

1885-இல் நியூயார்க்கில் ஒரு மேடையில் எலியட்டும் பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷும் நேருக்கு நேர் மோதினார்கள். பதினெட்டு வயதானவனுக்குத் தன் திறமை எது என்று தெரியும், அவனை நம்புங்கள் என்பது எலியட் கட்சி. ஹார்வர்டின் பட்டியலில் இருந்து லேசான பாடங்களாகப் பொறுக்கியெடுத்து, இதற்கெல்லாம் ஒரு பட்டமா என்று கேட்டார் மெக்காஷ். மெக்காஷைப் பழமைவாதி என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை. பிரின்ஸ்டனிலேயே மேல் வகுப்புகளுக்கு விருப்பப் பாடங்களைக் கொண்டுவந்தவர் அவர். அடித்தளம் வேண்டும், பிறகு விருப்பம் என்பதுதான் அவர் நிலை.

இதில் காசு விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. எல்லோரும் பத்துப் பாடம் படித்தால் பத்து ஆசிரியர் போதும். ஆளுக்கொரு பாடம் கேட்டால் நூறு ஆசிரியர் வேண்டும். நன்கொடை குவிந்த ஹார்வர்டுக்கு அது முடிந்தது. சின்னக் கல்லூரிகளுக்குச் சுதந்திரம் என்பது கொள்கைக்கு முன்னால் பட்ஜெட் பிரச்சினை.

மெக்காஷ் பயந்தது நடந்ததா? பாதி நடந்தது. 1898-இல் முடித்த ஹார்வர்டு மாணவர்களில் 55 சதவீதம் பேர் ஆரம்ப நிலைப் பாடங்களை மட்டுமே எடுத்து ஒப்பேற்றியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேரின் தேர்வில் எந்த மையமும் இல்லை. நதானியேல் ஷேலர் நடத்திய 'ஜியாலஜி 4' சுலபமாகத் தேறலாம் என்று பெயர் எடுத்ததால் நூற்றுக்கணக்கில் கூட்டம். (ஷேலர் அருமையான பேச்சாளர் என்பதும் உண்மை.) அதே முறையில் படித்துத்தான் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு வருடப் படிப்பை மூன்றே வருடத்தில் முடித்தார், கவிஞர் டி.எஸ். எலியட்டும் அப்படியே. கவிஞர் தலைவருக்குத் தூரத்து உறவு. ஆனால் இந்த முறையைப் பின்னாளில் கடுமையாக விமர்சித்தவர்களில் அவரும் ஒருவர்.

எலியட்டுக்குப் பிறகு வந்த அபட் லாரன்ஸ் லோவல் கடிவாளத்தை இழுத்தார். 1914-இல் முடிக்கவேண்டிய அணியில் இருந்து புது விதி: மொத்தம் 16 பாடம், அதில் குறைந்தது ஆறு ஒரே துறையில், இன்னும் ஆறு மற்ற துறைகளில் பரவலாக. 'மேஜர்' என்று அமெரிக்கர்கள் இன்று சொல்வதன் உருவம் ஏறத்தாழ இதுதான். யேலும் ஜெயிக்கவில்லை, எலியட்டும் ஜெயிக்கவில்லை.

கணக்குப் படிக்கிறவர்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். எல்லோரும் ஒரே கட்டாகப் படித்த காலத்தில் பாடத்துக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு கட்டு என்றதும், ஒரு பாடமும் இன்னொரு பாடமும் சமம்தானா என்று அளக்க வேண்டிவந்தது. அளவுகோல் வந்த வழி விசித்திரமானது: ஓய்வூதியம்! 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி கல்லூரிப் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக ஓர் அறக்கட்டளை வைத்தார். அறங்காவலர் குழுவின் முதல் தலைவர் நம் எலியட்தான். பென்ஷன் வேண்டும் என்றால் பள்ளிப் படிப்பை 'யூனிட்' கணக்கில் அளந்து மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. பென்ஷனுக்காகக் கல்லூரிகள் வரிசையில் நின்றன. 1910-இல் அதே அறக்கட்டளைக்காக மோரிஸ் குக் என்ற இயந்திரப் பொறியாளர் ஓர் அறிக்கை எழுதினார். தொழிற்சாலைத் தொழிலாளியின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்த பிரெடரிக் டெய்லரின் கூட்டாளி அவர். ஒரு மாணவன், ஒரு மணி நேரம், ஒரு வகுப்பு - இதை 'ஸ்டூடன்ட் அவர்' என்ற அலகாக வைத்து, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று எட்டுக் கல்வி நிலையங்களின் இயற்பியல் துறைகளில் கணக்குப் பார்த்தார். அசல் காஸ்ட் அக்கவுன்டிங். இன்றைய 'கிரெடிட்' இந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 2015-இல் யுஜிசி நாடு முழுக்கப் பரப்பிய சிபிசிஎஸ் முறையில், தமிழ்நாட்டு பி.காம். பட்டியலில் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே நிற்கிற எண்ணும் அதே வாரிசுதான். அளவுகோல் கப்பலேறி வந்துவிட்டது. விரும்பினால் விடலாம் என்ற பாதி மட்டும் பல கல்லூரிகளில் இறங்கவில்லை. 'எலெக்டிவ்' எது என்பதைத் துறைதான் முடிவு செய்கிறது.

கிரெடிட் வந்ததும் எண்ண வேண்டிவந்தது, எண்ணுவதற்கு ஒரு தேதி வேண்டிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாணவர் கூட்டம் பெருகியபோது பல பல்கலைக்கழகங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டுப் பதிவு நடத்தின. ஒரு இருக்கைக்கு ஒரு துளையிட்ட ஐபிஎம் அட்டை. அட்டை தீர்ந்தால் வகுப்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். 1964-இல் பெர்க்லியில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தபோது, தங்களை எண்ணாக நடத்துகிறார்கள் என்பதற்கு அடையாளமாக மாணவர்கள் எடுத்துக்கொண்டது இந்த அட்டையைத்தான்.

வேலண்ட் தோற்ற பிரவுனில் 1969-இல் ஒரு திருப்பம். ஐரா மேகசினர், எலியட் மேக்ஸ்வெல் என்ற இரண்டு மாணவர்கள் முன்னின்று தயாரித்த நீண்ட அறிக்கையை அடுத்து, பொதுக் கட்டாயப் பாடங்களை ஆசிரியர் குழு கைவிட்டது. தோல்வி மதிப்பெண் பட்டியலில் ஏறாது என்றும் ஆனது. வேலண்டின் அறிக்கைக்கும் இதற்கும் இடையில் 119 வருடம்.

ஹார்வர்டில் இதற்கு 'ஷாப்பிங் வாரம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. முதல் வாரம் பதிவே கிடையாது. எந்த வகுப்பிலும் நுழையலாம், நடுவில் எழுந்தும் போகலாம், பிறகு முடிவு செய்யலாம். கேட்க இனிமைதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். துணை வகுப்பு எடுக்கிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது கடைசியில்தான் தெரியும். அதுவரை வேலை உண்டா, எந்தப் பாடம் என்பதே நிச்சயம் இல்லை. பல இளநிலை மாணவர்கள் எதிர்த்தும், 2022-இல் பேராசிரியர்கள் வாக்கெடுப்பில் அந்த வழக்கத்தை முடித்துவைத்தார்கள். முந்தைய செமஸ்டரிலேயே பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவானது. வகுப்பு தொடங்கிய பிறகு மனம் மாறினால், மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல ஹார்வர்டு பிள்ளையும் ஆட்-டிராப் தேதிக்குள் ஓட வேண்டியதுதான்.