ஔவையார் எத்தனை பேர்?

தமிழ்ப் பிள்ளைகள் எழுத்தறியத் தொடங்கும் நாளிலேயே அறிமுகமாகும் புலவர் ஔவையார். நரைத்த கூந்தலும் ஊன்றுகோலும் நெற்றி நிறைந்த திருநீறுமாக அவர் நம் மனத்திலே நிற்கின்றார். இம்மூதாட்டிக்கே அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். பாரி மகளிரை மணமுடித்துக் கொடுத்தவரும் இவரே. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கைலைக்குப் புறப்பட்டபோது விநாயகரின் துதிக்கையால் அவர்களை முந்திச் சென்றவரும் இவரே. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சோழன் அவையிலே வாதிட்டவரும் இவரே. கணக்கிட்டால் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்க வேண்டும். நெல்லிக்கனி தந்த நீண்ட ஆயுள் என்று கூறி இவ்விடரையும் கதை எளிதாகத் தீர்த்துக்கொள்கிறது. வரலாற்று மாணவன் அவ்வாறு தீர்த்துக்கொள்ள முடியாது.

ஔவை என்பது இயற்பெயராக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தாய், முதியவள், தவப்பெண் என்னும் பொருள்களை அகராதிகள் அச்சொல்லுக்குத் தருகின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் ‘அவ்வ’ என்பதும் இதன் உறவுச் சொல்லே. மதிப்புக்குரிய பெண்கள் பலர் வெவ்வேறு காலங்களில் இப்பெயரைப் பெற்றிருத்தல் இயல்பு. புலவர் பெயர்கள் இவ்வாறு திரும்ப வருவதும் தமிழுக்குப் புதிதன்று. நக்கீரர், கபிலர், பரணர் ஆகிய பெயர்கள் சங்கப் பாடல்களிலும் காணப்படுகின்றன. பதினோராந் திருமுறையிலும் காணப்படுகின்றன. ஆயின் திருமுறையிலுள்ளோர் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் எனப்பட்டனர். ஆண்புலவர்க்கு மரபு ஓர் அடைமொழியையேனும் சேர்த்து வேறுபாடு காட்டிற்று. ஔவைக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

காலவேறுபாட்டிற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நல்வழியின் இறுதி வெண்பா திருக்குறளையும் மூவர் தேவாரத்தையும் திருவாசகத்தையும் திருமூலர் வாக்கையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. அதனைப் பாடியவர் மாணிக்கவாசகருக்குப் பிற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அதியமானோ பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய காலத்தவன். 1981இல் தமிழகத்து ஜம்பையிலே கண்டறியப்பட்ட பிராமிக் கல்வெட்டு, சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி என்று அவன் பெயரையே பொறித்து வைத்திருக்கிறது. ஔவையார் இருவர் என்பாரும் மூவர் என்பாரும் அதற்கு மேலும் எண்ணுவாரும் உளர். தொகையைப்பற்றிய வழக்கு அறிஞர்க்குரியது. அவர்களை ஒருவராக்கியபோது எதனை இழந்தோம் என்பதே நமக்குரிய வினா.

சங்கத் தொகைகளிலே ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றுக்குரியவை. அப்பாடல்களிலே நாம் காண்பது உபதேசம் செய்யும் பாட்டியை அன்று. பகைமன்னன் ஒருவன், மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நுதலும் உடைய விறலியே என விளித்து, உங்கள் நாட்டிலே போர் செய்வாரும் உளரோ என வினவுகிறான். விறலி என்பவள் பாணர் குலத்து ஆடற்பெண். இது பாட்டிற்குப் புனைந்துகொண்ட வேடமே என்று சிலர் கூறுவர். வேடமே ஆயினும், அதனைப் பூணுவதற்கு இப்புலவர் நாணவில்லை.

இவர் தொண்டைமானிடம் அதியமானின் தூதாகச் சென்றவர். அங்கே பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசிக் காவல் மனையிலே அடுக்கிவைத்த படைக்கலங்களைப் பார்க்கிறார். எங்கள் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோலப் பழித்துப் பகைவனை அச்சுறுத்தும் இந்த அரசியல் நாவன்மைக்கு இணை அரிது. பரிசில் தரத் தாமதித்தபோது அதே அதியமானின் வாயிற்காவலனை நோக்கி அவர் சினந்து பாடியதும் உண்டு. தச்சனின் கைவல்ல சிறுவர் மழுவேந்திக் காட்டிற்குள் புகுந்தால் அவர்க்குத் தொழில் கிடையாது போகுமோ? எங்களுக்கும் எத்திசை சென்றாலும் சோறு உண்டு என்கிறார். தம் கலையைத் தச்சுத்தொழிலோடு ஒப்பிட்டு, உழைப்பவரின் செருக்கோடு புரவலனின் வாயிலிலே நின்ற பெண் இவர்.

இவரை முற்போக்கின் முன்னோடியாக்கிப் பரணி பாடவும் வேண்டாம். ஆநிரை கவர்தலையும் ஊரழித்தலையும் இவர் மனமாரப் புகழ்ந்தார். வீரயுகத்துப் பாடுநருக்கு வேறு வழியும் இல்லை. ஆயினும் தலைவனும் பாடுநரும் ஒரே பந்தியிலிருந்து உண்ட காலம் அது. அதியமான் இறந்தபோது, சிறிதளவு கள் இருந்தால் எமக்கே தருவான், மிகுதியாக இருந்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று நினைந்து அழுத பாட்டில் அவ்வுறவின் நெருக்கத்தை உணரலாம்.

அரசும் கோயிலும் நிலவுடைமையும் வலுப்பெற்ற பின்னர் அவ்வுலகம் இல்லாதொழிந்தது. தலைவனோடு கள்ளுண்ட பாணர் தீண்டாதாராயினர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையிலே கோயில் வாயிலுக்குப் புறத்தே நின்று பாடியதைப் பெரியபுராணமே கூறுகிறது. புதிய சமுதாயத்துக்கு வேண்டியவர் நீதி புகட்டும் ஆசிரியரே. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மூதுரையும் நல்வழியும் இத்தேவையின் பிள்ளைகள். அவற்றின் சுருக்கமும் எளிமையும் போற்றத்தக்கவை. அகரவரிசையிலே அறத்தைக் கோத்தவர் கற்பித்தற் கலை அறிந்தவர். ஆயின் பெண் சொல் கேளாதே என்று ஆத்திசூடி விதிக்கிறது. குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்கிறது கொன்றை வேந்தன். தூது சென்று தன் சொல்லால் ஒரு வேந்தனை எச்சரித்த பெண்ணின் வாயிலே இவ்விதிகளைத் திணித்ததுதான் பெயர் மயக்கம் செய்த கொடுமை. பாரதி தமது புதிய ஆத்திசூடியில் பெண்ணை உயர்த்துமாறு கூறியபோது மறுத்தது பிற்கால நூலை. பழைய ஔவையை அன்று.

நல்வழி இதற்கு மாறாகவும் பேசுகிறது. இடுவார், இடாதார் என்னும் இரண்டே சாதி என்பது அதன் துணிபு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே அவ்வெண்பாவை மனனம் செய்த பிள்ளைகளுட் சிலர் வாங்கிலும் சிலர் தரையிலும் இருத்தப்பட்டனர் என்பதையும், 1920களின் இறுதியிலே சம ஆசனத்துக்காகப் போராட வேண்டியிருந்ததையும் நம் ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தனிப்பாடல்களில் வரும் ஔவை இன்னொருவர்; சிலவேளை பலராகவும் இருக்கலாம். வரகரிசிச் சோறும் கத்தரிக்காய் வதக்கலும் புளித்த மோரும் பரிந்திட்ட எளியவன் ஒருவனின் உணவு உலகம் முழுவதும் பெறும் என்று பாடி நடந்தவர் அவர். நாஞ்சில் நாட்டுப் பெண்கள் ஆடவர் அறியாமல் நோற்கும் ஔவை நோன்பும் ஏட்டுப் புலமைக்குப் புறம்பான நினைவே.

இவர்களை ஒருருவாக்கியது வெறும் அறியாமை அன்று. புறநானூறு 1894இலேதான் அச்சேறியது. அதற்கு முன்னரே நீதிநூல்கள் திண்ணைப் பள்ளிகளிலே வேரூன்றிவிட்டன. ஆறுமுக நாவலர் உரையோடும் அவை அச்சாகிப் பரவின. சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்திலே எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் சரிதமும் ஆதி - பகவன் கதையையே ஔவை வரலாறாகக் கொண்டது. இவை மன்னிக்கத்தக்கவை, சான்று அக்காலத்தில் அச்சில் இல்லை. 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த ‘ஔவையார்’ திரைப்படத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் பழைய கதைக்குப் புதிய உயிர் கொடுத்தது. இளமையை வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமை வேண்டிப்பெற்ற பெண்ணே இலட்சியப் பெண்ணாகத் திரையிலே உலாவினாள். இளமையோடும் அறிவோடும் தனியே வழிநடக்கும் பெண்ணை மரபு பொறுத்துக்கொள்ளவில்லை. கிழவியாக்கிய பின்னரே அவளை வணங்கியது.

ஆதி - பகவன் கதையைக் கூறும் கபிலரகவல் பிற்காலத்து நூல். அதிலே புரவலனாகிய அதிகமானே ஔவைக்கு உடன்பிறந்தானாகிவிடுகிறான். வள்ளுவரும் கபிலரும் அவ்வாறே. பிறந்த பிள்ளைகளைப் பெற்றோர் ஒவ்வோர் ஊரிலும் விட்டுச் செல்ல, வள்ளுவரை வேளாளரும் கபிலரை அந்தணரும் வளர்த்தனராம். ஔவை வளர்ந்த இடத்தையும் அகவல் குறிப்பிடுகிறது: நரம்புக் கருவியோர் சேரியிலே, பாணர் வீட்டில்.