கம்புக்கு முன் காலடி

மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் ஓடிய ஊர் ரவாங். 1894இல் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்பம்புகளைப் பூட்டினார்கள். பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். ஈயத்தின் பின்னாலேயே ரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரவாங்கிலிருந்து கிள்ளான் வரை காடுகள் தோட்டங்களாயின. சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டிக் கங்காணிகள் கப்பலேற்றி வந்தார்கள். அந்த மக்களோடு மாரியம்மன் வந்தாள், தப்பு வந்தது, சிலம்பமும் வந்தது.

அதற்கு நூறாண்டுக்கு முன்பே சிலம்பம் ஒரு பெரிய ஆபத்தைத் தாண்டியிருந்தது. பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் ஆயுதங்களுக்குத் தடை விதித்தார். வாளையும் வேலையும் பிடுங்கிவிடலாம். மாடு ஓட்டுகிறவன் கையிலிருக்கும் மூங்கில் கம்பை என்ன செய்வது? அது களத்துமேட்டில் தங்கிவிட்டது.

மலாயாவில் தோட்டத்து நாள் விடிவதற்கு முன்பே பெரட்டில் தொடங்கும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போவார்கள். சற்றே வளர்ந்த பிள்ளைகள் புல் பிடுங்கினார்கள், கோப்பையில் உறைந்த பாலைச் சேர்த்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1920களின் தொழிலாளர் சட்டம் சொன்னது. எழுத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. உடற்பயிற்சிக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. கம்பு சுழன்றதெல்லாம் அந்தி சாய்ந்த பிறகு, லயங்களுக்கு நடுவிலிருந்த வெட்டவெளியில்தான். வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கில் தட்சணை வைத்து இளவட்டங்கள் களமிறங்குவார்கள். வாண்டுகள் ஓரத்தில் நின்று ரப்பர் குச்சியைச் சுற்றிப் பார்ப்பார்கள். திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடுவதுதான் அரங்கேற்றம்.

சிறுவர்களை வரிசையில் நிறுத்திப் பயிற்றுவிக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது போர்க்காலம். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய சுதந்திர இயக்கம் மலாயா முழுக்கப் பரவியது. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்கென்று பாலர் சேனை அமைந்தது. அணிநடையும் ஒழுங்கும் அங்கே கற்றுத்தரப்பட்டன. போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் கெடாவில் தொண்டர் படையாகி, கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. தோட்டத்து இளைஞர்கள் சீராக நடை போடுவதே வெள்ளைக்கார அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது.

சிலம்ப வகுப்புக்கு இன்றுள்ள உருவம் வேறொரு திசையிலிருந்து வந்தது. தேக்குவாண்டோவை வகுத்தவர்களில் முதன்மையானவரான ஜெனரல் சோய் ஹோங் ஹி 1962இல் தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூருக்கு வந்தார். அடுத்த ஆண்டே மெர்டேக்கா அரங்கத்தில் அந்தக் கலை பொதுமக்கள் முன் நிகழ்த்திக் காட்டப்பட்டது. 1966இல் சியூ சூ சூட் கோலாலம்பூரில் கராத்தே புடோகான் அமைப்பைத் தொடங்கினார். வெள்ளைச் சீருடை, நிற வார், தேர்வு, சான்றிதழ் என்ற ஏற்பாடு நகரத்துப் பெற்றோருக்குப் பிடித்துப்போனது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தார்கள். தேசியக் கராத்தே அணியில் பின்னாளில் தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து இடம்பெற்றதற்கு அந்த வகுப்புகளே நாற்றங்கால்.

தேக்குவாண்டோ மெர்டேக்கா அரங்கில் ஏறிய அதே 1963இல்தான் ‘பெரிய இடத்துப் பெண்’ படம் வெளிவந்து, எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுழற்றினார். பிள்ளைகளுக்கு ஆசை மூட்ட அது போதும். பாடத்திட்டத்துக்குச் சிலம்ப ஆசான்கள் கராத்தேக்காரர்களைத்தான் பார்த்தார்கள். ஒரே வாத்தியாரிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்ற வித்தையைப் படிகளாகப் பிரித்தார்கள். பல சங்கங்கள் சீருடையும் நிலைத் தேர்வும் வைத்தன. ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த களம் பெண்பிள்ளைகளுக்கும் திறந்தது.

இதற்கிடையே தோட்டங்கள் கை மாறின, துண்டாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. 1995இல் கொமுட்டர் ரயில் ரவாங்கைத் தலைநகரோடு இணைத்த பிறகு, அந்த ஊர் கோலாலம்பூரில் வேலை செய்வோரின் குடியிருப்பாக வேகமாகப் பெருகியது. தோட்டத்துப் பிள்ளை மரம் ஏறியது, வாய்க்கால் தாண்டியது, தலையில் விறகு சுமந்தது. உடம்பின் சமநிலை கேட்காமலே வந்து சேர்ந்தது. வரிசை வீட்டுப் பிள்ளைக்கு வாசலில் கார் நிற்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது. கோயில் மண்டபத்திலும் பொது மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் புறப்பாட வகுப்பிலும் சிலம்பம் கற்க வரும் பிள்ளைகளின் வயது இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இளவட்டத்தின் வித்தை பாலர் பள்ளி வயதுக்கு வந்துவிட்டது.

அந்த வயதுக்கு அது பொருந்துமா? பழைய பாடமுறையைப் பார்த்தால் பொருந்தும் என்றே தோன்றுகிறது. மரபான ஆசான் முதல் நாளே கம்பைக் கொடுப்பதில்லை. வணக்கம், நிலை, பிறகு காலடி. முன்வைத்த காலை ஊன்றி, பின்காலை எடுத்து வைத்து, உடம்பைத் திருப்பி, விழாமல் நிற்க வேண்டும். நடை, ஓட்டம், தாவல், சமநிலை ஆகிய அடிப்படை அசைவுகள் ஏறக்குறைய 2 முதல் 7 வயதுக்குள் உருப்பெறுகின்றன என்பது உடற்கல்வியாளர்களின் பொதுவான கணக்கு. காலடி வரிசை தொடுவது அந்த அசைவுகளைத்தான்.

கம்பு கைக்கு வந்ததும் வேறு வேலை தொடங்குகிறது. பெரியவர்களுக்குப் புருவம் வரை உயர்ந்த கம்பு. குழந்தைக்கு அதன் உயரத்துக்கேற்ற மெல்லிய பிரம்பு. வீச்சில் வலக்கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகும், திரும்பி வரும். இரண்டு கைகளும் இரண்டு விதமாக அசைய, கால் மூன்றாவது தாளத்தில் நகரும். முதுகுக்குப் பின்னால் கம்பைக் கை மாற்றும்போது கண் உதவாது. தன் கை எங்கே இருக்கிறது என்பதை உடம்பே உணர்ந்தாக வேண்டும். ஐந்து வயதில் கம்பு கீழே விழுந்துகொண்டேதான் இருக்கும்.

தற்காப்புக் கலையால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்பதை அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் கிம்பர்லி லேக்ஸ், வில்லியம் ஹாய்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினர் மூன்று மாதம் தேக்குவாண்டோ கற்றார்கள். மற்றவர்கள் வழக்கமான உடற்கல்வி வகுப்புக்குப் போனார்கள். முதல் குழுவினர் தன்னடக்கத்திலும் வகுப்பறை நடத்தையிலும் மனக்கணக்கிலும் கூடுதலாக முன்னேறினார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் ஏடல் டயமண்டும் கேத்லீன் லீயும், கவனத்தையும் தன்கட்டுப்பாட்டையும் வளர்க்கும் வழிகளில் மரபுவழித் தற்காப்புக் கலையையும் சேர்த்தார்கள். சிலம்பத்தை வைத்து நடந்த ஆய்வுகள் அல்ல இவை. ஆனாலும் வணக்கம், காத்திருத்தல், வரிசை, அளவு என்று ஆசான்கள் வலியுறுத்தும் ஒழுங்கு இரண்டு கலைக்கும் பொது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் தந்த அறிக்கை எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறது. அடிபடாத வகைப் பயிற்சி நல்லது. தலையில் அடிபடக்கூடிய மோதலில் ஆபத்து கூடும். தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிலம்பத்தில் அடிபடாத பயிற்சிக்கு இடம் ஏற்கெனவே உண்டு. தனித்திறன் பிரிவில் பிள்ளை ஒற்றைக் கம்போ இரட்டைக் கம்போ தனியாகச் சுழற்றிக் காட்டுகிறது, எதிராளி கிடையாது. தொடுமுறைப் போட்டியில்தான் ஒருவர் கம்பு மற்றவர் உடம்பைத் தொட்டுப் புள்ளி எடுக்கிறது.

போட்டியின் இழுப்பு இப்போது கூடிவருகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியாவிலும் அங்கீகாரம், பதக்கம் என்ற பேச்சு ஓயவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைத் தனித்திறன் பிரிவிலேயே நிறுத்தி வைப்பதா, பதக்கத்துக்காகச் சீக்கிரம் தொடுமுறைக்கு அனுப்புவதா என்பதை இன்று ஒவ்வொரு வகுப்பிலும் ஆசானும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.