திருவனந்தபுரத்தில் உடையும் வேடமும்

மலையாள நடிகர் இந்திரன்ஸின் திரைப்பெயர் ஒரு தையல் கடையின் பெயர். திருவனந்தபுரம் குமாரபுரத்தில் 1956இல் பிறந்த சுரேந்திரன், சகோதரரோடு நடத்திய கடைக்கு வைத்த பெயர் அது. அவர் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. புத்தகமும் இல்லை, பள்ளிக்கு உடுத்திப்போகத் துணியும் இல்லை என்பதே காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். துணியில்லாமல் படிப்பை விட்ட பையன், பிறருக்குத் துணி தைக்கும் தொழிலில் வளர்ந்தார்.

யார் எதை உடுத்தலாம் என்பது அந்த மண்ணில் நெடுங்காலம் சாதியின் தீர்ப்பாக இருந்தது. அகஸ்தீஸ்வரமும் குமாரபுரமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்த காலம் அது. தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற தடை அந்த ஆணையிலேயே இருந்தது. துணி கிடைத்தது, அதை உடுத்தும் விதம் கிடைக்கவில்லை. 1893இல் தலித் தலைவர் அய்யன்காளி வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகையோடு வில்வண்டியில் பொதுச்சாலையில் போனதே போராட்டமாயிற்று.

நடிப்பு என்பது அடுத்தவர் உடைக்குள் புகுவது. அப்படிப்பட்ட ஊரில் அது எவ்வளவு ஆபத்தான செயல் என்பதை மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' காட்டியது. எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்து நாடார் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். கதாநாயகி பி. கே. ரோசி, தமிழும் மலையாளமும் கலந்த காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்த தலித் பெண். திரையில் அவர் நாயர் பெண் சரோஜினியாக உடுத்தி வந்தார். கேப்பிட்டல் தியேட்டரில் திரை மீது கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓடி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். மலையாள சினிமாவின் தொடக்கத்தில் கிடக்கும் பெரும் அநீதி இது.

அரை நூற்றாண்டு கழித்து, 1981இல் 'சூதாட்டம்' படத்தில் உடைப் பிரிவு உதவியாளராக சுரேந்திரன் சினிமாவுக்குள் வந்தார். அதிலேயே சிறு வேடத்திலும் தோன்றினார். திரைக்கு உடை செய்வது கடைத் தையலிலிருந்து வேறுபட்ட வேலை. கடையில் வாங்குபவரின் உடம்புக்கு அளவெடுப்பார்கள். படப்பிடிப்பிலோ அந்த உடம்புக்குள் இல்லாத ஒரு ஆளுக்கு அளவெடுக்க வேண்டும். கூலிக்காரர் வேடத்துக்குப் புதுச்சட்டை ஆகாது, கேமரா காட்டிக்கொடுத்துவிடும். தேயிலைச் சாயத்தில் முக்குவார்கள், காலரைத் தேய்த்து நைய வைப்பார்கள், முழங்கையில் ஒட்டுப் போடுவார்கள். ஆனாலும் ஒருவர் உடுத்திக் கழித்த துணிக்கு அது ஈடாகாது. சுமை தாங்கிய தோளின் நைவையும், பலமுறை துவைத்து வெளுத்த நிறத்தையும் உழைப்பும் காலமும்தான் உண்டாக்கும். எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றாகத் தெருவில் வாங்கப்படும் பழந்துணி, வேடத்துக்கு வந்தால் விலை மதிப்பற்றதாகிறது. இந்த வேலைக்கு உலக அரங்கில் மதிப்பு கிடைத்தது 1983இல், 'காந்தி' படத்துக்காக பானு அத்தையா ஆஸ்கர் பெற்றபோது. இந்தியருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது.

இந்திரன்ஸை ரசிகர்களிடம் சேர்த்தது 1994இல் வந்த 'சி.ஐ.டி. உண்ணிகிருஷ்ணன் பி.ஏ., பி.எட்.' நகைச்சுவைப் படம். மெலிந்த உடம்பு 'குடக்கம்பி' (குடைக்கம்பி) என்ற பட்டப்பெயரைத் தந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த உடம்பை வைத்தே சிரிப்பு வேடங்கள் கொடுத்தார்கள். கைத்திறனும் கண்கூர்மையும் கொண்ட ஒரு கலைஞரை அவ்வளவு காலம் ஒரே அளவில் அடைத்து வைத்தது திரையுலகின் குறைதான். 2017ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்கு 'ஆளொருக்கம்' படத்துக்காக வந்தது. ஆளை ஒப்பனை செய்து அணியப்படுத்துவது என்பது தலைப்பின் பொருள். ஓட்டந்துள்ளல் கலைஞர் பப்பு பிஷாரடி, வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போன மகனைத் தேடிச் சென்று, பெண்ணாக வாழும் திருநங்கையாகக் கண்டடைகிறார். மேடையில் ஆயுள் முழுக்க வேடம் கட்டிய தந்தைக்கு, தன் பிள்ளை உடுத்தியிருப்பது வேடமல்ல, அதுவே ஆள் என்று விளங்குவதுதான் கதை. உடையின் உள்ளும் புறமும் தெரிந்தவர் அந்த வேடத்துக்கு அமைந்தது படத்தின் பேறு. 2021இல் வந்த 'ஹோம்' படத்துக்கு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

2024இல், 68 வயதில், இந்திரன்ஸ் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் ஏழாம் வகுப்புச் சமநிலைத் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றார்.