சொற்களைப் பிரித்தறிந்த அகராதி

1861ஆம் ஆண்டில் இத்தாலி ஓர் அரசாக இணைந்தபொழுதுகூட, இத்தாலிய மொழியைப் பேசவல்லோர் அந்நாட்டில் மிகச் சிலரே. ஏனையோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். ஏட்டில் மட்டும் இத்தாலிய மொழியைக் கற்று எழுதுவோனுக்கு ஒரு கருத்துக்குப் பல சொற்கள் கிடைத்தன. எது எவ்விடத்துக்கு உரியது என்று சொல்வார் அருகில் இல்லை.

இக்குறையை நீக்க, தூரின் நகரத்துக் கிராஸ்ஸி 1821இல் ஒரு நூல் வெளியிட்டார். எனினும், 1830இல் புளோரன்ஸில் வெளிவந்த நிக்கொலோ தொம்மசேயோவின் ஒருபொருட் பன்மொழி அகராதியே நிலைபெற்றது. அவர் புளோரன்ஸ் அமைந்த தொஸ்கானா நாட்டவரல்லர். அத்திரியாத்திக் கடலின் மறுகரையில், தல்மாசியாவில் 1802இல் பிறந்தவர். அயலவராய் வந்தமையாற்போலும், தொஸ்கானா மக்களின் வாய்ப்பேச்சை அத்துணை கூர்ந்து கேட்டார்.

நிகண்டு ஒத்த சொற்களைத் திரட்டித் தருவது. இத்தகைய அகராதியோ அவற்றைப் பிரித்துக் காட்டுவது. இத்தாலிய மொழியில் 'மூரி' என்பது வீட்டுச் சுவர்கள். 'மூரா' என்பது நகரைச் சூழ்ந்த மதில். 'பவூரா' பொதுவான அச்சம். திடீரென உள்ளத்தைக் குலுக்குவது 'ஸ்பவேந்தோ'. பெரியோர்முன் தோன்றும் மதிப்புக் கலந்த அச்சம் 'திமோரே'. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இலக்கணம் வழுவாது, கருத்து வழுவிவிடும்.

இந்நூலை ஆக்கியவரின் வாழ்வு அமைதியானதன்று. 1848இல் வெனிசில் ஆஸ்திரிய ஆட்சியினர் சிறையிட்ட அவரை மக்கள் எழுச்சி விடுவித்தது. மறு ஆண்டு கோர்பூத் தீவில் அகதியானார்; கண்ணொளியும் மங்கிற்று. அந்நிலையிலும் சொல்லாய்வை விட்டாரல்லர். பெர்னார்தோ பெல்லினியுடன் அவர் ஆக்கிய பேரகராதி 1861 முதல் வெளிவந்து, 1874இல் அவர் மறைந்தபின், 1879இலேயே முற்றுப்பெற்றது. ஒருபொருட் பன்மொழி அகராதியோ அவர் வாழ்நாளிலேயே பன்முறை பதிப்பிக்கப்பெற்றது.