உரிமமும் உரிமையும்: விக்டோரியா ஆற்றங்கரைகளின் வரலாறு

ஆறு ஒன்றே, அதன் கரையில் நிற்போர் பலர். கால்நடைகளை நீருக்கு ஓட்டிவரும் உழவர், தூண்டிலோடு வரும் நகரத்தார், ஓடை மணலை அரித்துப் பொன்துகள் தேடும் பொழுதுபோக்காளர் ஆகிய மூவரும் ஒரே கரையில் எதிர்ப்படுங்கால், 'இவ்விடம் யாருக்கு உரியது?' என்னும் வினா எழுகின்றது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ள விக்டோரியா மாநிலம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றது. அவ்வரலாற்றை உரிமம், உரிமை என்னும் இரு சொற்களின் வழியே நோக்குவது இக்கட்டுரை. ஒரே வேரில் பிறந்த சொற்களாயினும் இவை பொருளால் வேறுபட்டவை. உரிமம் பிறர் தருவது, கட்டணத்திற்கு உட்பட்டது, தந்தவரால் திரும்பப் பெறத்தக்கது. உரிமையோ ஒருவருக்கு உள்ளதென ஏற்கப்படுவது.

பொன்னும் உரிமமும்

1851ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விக்டோரியா தனிக் குடியேற்ற நாடாயிற்று. அதே ஆண்டில் அங்குப் பொன் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 77,000ஆக இருந்த மக்கள்தொகை, 1861இல் சுமார் 5,40,000ஆக உயர்ந்தது. நிலம் எவருடையதாயினும் அதனுள் கிடக்கும் பொன் முடியரசுக்கே உரியது என்பது, 1568ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வழங்கப்பட்ட தீர்ப்பு நிலைநாட்டிய கோட்பாடு. இதனை அடிப்படையாகக் கொண்டு குடியேற்ற அரசு, பொன் தேடுவோர் ஒவ்வொருவரும் திங்களுக்கு 30 சில்லிங் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என ஆணையிட்டது. பொன் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது. காவலர் சுரங்கக் குழிகளுக்கிடையே புகுந்து உரிமத்தாளைக் கேட்டு அலைக்கழித்தனர். பரந்த மேய்ச்சல் நிலங்களைச் சிறு தொகைக்கு வைத்திருந்த பெருநிலக்காரர்களுக்குச் செல்வாக்கு இருந்தது; பொன் தோண்டுவோருக்கு வாக்குரிமையும் இல்லை.

இம்மனக்குறையே பல்லாரட் நகரருகே யுரேக்கா என்னுமிடத்தில் கிளர்ச்சியாக வெடித்தது. அயர்லாந்தில் பிறந்த பீட்டர் லேலரின் தலைமையில் தோண்டுநர்கள் உரிமத்தாள்களை எரித்து, மரத்தடுப்பு ஒன்றை எழுப்பினர். 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் படையினர் அத்தடுப்பைத் தாக்கினர். தோண்டுநருள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். லேலர் தம் இடக்கையை இழந்தார். அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1855இல் நீதிமன்றம் கொணரப்பட்ட 13 பேரும் விடுதலை செய்யப்பட்டனர்.

அவ்வாண்டே உரிமம் ஒழிக்கப்பட்டது. அதனிடத்தில் ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்னும் ஆவணம் வந்தது. தோண்டுநர் உரிமை என இதனைத் தமிழிற் கூறலாம். பொன் தேடவும், குடியிருக்கச் சிறு மனையொன்று அமைத்துக்கொள்ளவும், வாக்களிக்கவும் அது வழிசெய்தது. அரசு பணிந்த அளவை ஆவணத்தின் பெயர் மாற்றமே காட்டுகின்றது. தலைமறைவாகத் திரிந்த லேலர், பின்னாளில் சட்டப்பேரவைத் தலைவராகவும் அமர்ந்தார்.

ஆயின் இவ்வுரிமை எல்லார்க்கும் ஒரு நிகராக வாய்க்கவில்லை என்பதும் கருதத்தக்கது. அதே 1855இல், சீனத்திலிருந்து வருவோர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு நுழைவு வரி விதிக்கப்பட்டது. அதனைத் தவிர்க்க அவர்களுட் பலர் அண்டை நாடான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கிப் பொன்வயல்களுக்கு நடந்தே சென்றனர். அந்நிலத்தின் தொன்மக்களான ஜாஜா உருங் முதலியோரிடம் எவரும் இசைவு கேட்டதில்லை.

ஆற்றில் ஓடிய சேறு

உரிமை பெற்றவர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் வரலாற்றின் பகுதியே. மேற்பரப்புப் பொன் அருகியபின், நீரை வாய்க்கால் வழித் திருப்பி, குன்றுச் சரிவுகளைக் கரைத்துப் பொன் பிரிக்கும் முறை பரவிற்று. கரைந்த மண் முழுவதும் சேறாக ஓடைகளில் இறங்கியது. பெண்டிகோ பகுதியில் இச்சேறு தெருக்களிலும் தோட்டங்களிலும் படியவே, 1859இல் அதனை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. எனினும் தீர்வு எளிதில் கிட்டவில்லை. சுரங்கமே நாட்டின் செல்வம் என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்ததால், கீழ்மடையில் வாழ்ந்த உழவரின் முறையீடு அரை நூற்றாண்டுக் காலம் போதிய அளவில் செவிமடுக்கப்படவில்லை. சேற்றைக் கட்டுப்படுத்தும் வாரியம் 1905இலேயே பணி தொடங்கிற்று. அதற்குள் பல ஆற்றுப் படுகைகள் மேடிட்டு, விளைநிலங்கள் மண்மூடிப் போயிருந்தன.

பொன் தேடுவோர் ஆற்றங்கரைக்கு வரும்போது உழவர் ஐயுறுவதை வெறும் குறுகிய மனப்பான்மை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அவ்வையத்திற்குப் பின் ஒரு நூற்றாண்டுச் சேறு படிந்துள்ளது.

கரையைக் காத்த ஆணை

உழவர் தரப்பிலும் மறுபக்கம் உண்டு. 1860களின் நிலச்சட்டங்கள் சிறு உழவர்க்கு நிலம் வழங்க முயன்றன. பணம் படைத்தோரோ நீர்நிலையை ஒட்டிய துண்டுகளை முந்திக்கொண்டு வாங்கினர். கரை கைக்கு வந்துவிட்டால், நீரற்ற பின்னிலத்தை வேறெவரும் வாங்கார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வறண்ட நாட்டில் ஆற்றங்கரையை உடையவரே அதனைச் சூழ்ந்த நிலம் முழுவதையும் ஆள்வர்.

இந்நிலையில் 1881 மே திங்களில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 280 ஆறுகள், ஓடைகள், ஏரிகள் ஆகியவற்றின் கரையில் அதுவரை விற்கப்படாதிருந்த அரசு நிலம் பொதுப் பயனுக்கென நிலையாக ஒதுக்கப்பட்டது. நம் வருவாய்த் துறையினர் ஆற்றுப் புறம்போக்கு என வழங்கும் நிலத்தோடு இதனை ஒப்பிடலாம். இக்கரைப் பட்டையின் அகலம் பெரும்பாலும் 20 முதல் 60 மீட்டர் வரை அமையும். 1881க்கு முன்னரே விற்கப்பட்ட இடங்களில் தனியார் நிலம் நீர் விளிம்புவரை செல்வதும் உண்டு. அக்குறையை ஓரளவு போக்கும் வகையில், தனியார் நிலத்திற்கு எல்லையாக ஓடும் ஆறுகளின் படுகையும் கரைச்சரிவும் அரசுடைமையே என 1905ஆம் ஆண்டின் நீர்ச்சட்டம் வரையறுத்தது.

ஒதுக்கப்பட்ட கரைகளை அடுத்துள்ள உழவர்க்கு மேய்ச்சலுக்காக உரிமத்தின் பேரில் விடும் வழக்கமும் ஏற்பட்டது. இன்று இவ்வாறு விடப்பட்ட கரையின் நீளம் சுமார் 17,000 கிலோமீட்டர். உழவர் வேலியிடலாம், மாடு மேய்க்கலாம். ஆயினும் நடக்கவும் மீன்பிடிக்கவும் வருவோரைத் தடுத்தல் இயலாது.

இன்றைய நிலை

1869இல் மொலியகல் என்னும் ஊரில் 70 கிலோவுக்கும் மேற்பட்ட பொன் அடங்கிய கட்டி ஒன்று மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே கிடைத்தது. 1980இல் கிங்கோவர் என்னும் சிற்றூரில் 27 கிலோ எடையுள்ள கட்டி, உலோகம் கண்டறியும் கருவியால் வெளிப்பட்டது. இத்தகைய செய்திகள் ஓய்வுபெற்றோரையும் விடுமுறையாளரையும் இன்றும் பொன்வயல்களுக்கு ஈர்க்கின்றன. அவர்கள் பெறும் ஆவணத்தின் பெயர் இன்றும் 'மைனர்ஸ் ரைட்' என்பதே. அதனை வைத்திருப்பவர் கண்டெடுக்கும் பொன் அவருக்கே உரியது. எனினும் 1990ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டம் அவ்வுரிமைக்கு வரம்புகள் வகுத்துள்ளது. அகழ்வதற்குக் கைக்கருவிகளையே பயன்படுத்த வேண்டும். மரஞ்செடிகளைச் சிதைத்தலும் தொன்மக்களின் பண்பாட்டு இடங்களைக் குலைத்தலும் கூடா. தனியார் நிலத்தில் உடையவரின் இசைவு வேண்டும். சில ஆறுகளும் ஓடைகளும் முற்றிலும் விலக்கப்பட்டவை.

2021 செப்டம்பர் முதல், உரிமத்தில் விடப்பட்ட கரைகளில் கூடாரமிட்டுத் தங்கவும் சட்டம் இடமளித்தது. தீ, குப்பை, திறந்துவிடப்படும் வாயில்கள், கால்நடைக்கு நோய் பரவுதல் ஆகியவற்றை எடுத்துக்காட்டி உழவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுநிலத்தைப் பொதுமக்கள் துய்ப்பதில் தவறென்ன என மீன்பிடிப்போர் வினவினர்.

ஜாஜா உருங் மக்களோ 2013இல்தான் அரசோடு ஓர் உடன்படிக்கை செய்து, தம் நிலத்தின் மரபுரிமையாளராக ஏற்கப்பட்டனர். தோண்டிப் புரட்டப்பட்ட தம் மண்ணைத் தலைகீழாக்கப்பட்ட நாடு என அவர்கள் குறிக்கின்றனர்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் புலப்படுகின்றது. 1854இல் உரிமத்தாளை எரித்தவர் பொன் தேடுநர். இன்று கரையில் உரிமத்தின் பேரில் நிற்பவர் உழவர். கட்டணம் செலுத்தி, வேலியும் களையும் கவனித்து வரும் அவர், எத்தாளும் இன்றி வரும் வழிப்போக்கருக்கு வழிவிட வேண்டியவராகின்றார். அவர் முணுமுணுப்பதில் வியப்பில்லை. எனினும் அவ்வழி அடைபடுமாயின், 1881இல் காக்கப்பட்ட கரை மீண்டும் சிலர் கைக்கே சென்றுவிடும்.

யுரேக்காவில் வென்றெடுத்த உரிமையில் கடமைக்கு இடம் குறைவாகவே இருந்தது. அக்குறையின் விலையைக் கீழ்மடை வயல்கள் செலுத்தின. அதே பெயரில் இன்று வழங்கும் ஆவணம் ஒரு கட்டளையையும் உடன் சுமக்கின்றது. பொன் கிடைப்பினும் கிடையாவிடினும், தோண்டியவர் தாம் தோண்டிய குழியை மூடிவிட்டே கரையை விட்டு அகல வேண்டும்.