மனை யாருடையது, வீடு யாருடையது

நினைவுச் சொற்பொழிவு மேடையில் நின்று வீடு கட்டிய கதையைச் சொல்கிறோமே என்று சிலருக்குத் தோன்றலாம். கீழத்தஞ்சைச் சேரிகளில் வீடு ஒருபோதும் குடும்ப விஷயமாக மட்டும் இருந்ததில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் குடிசை எங்களுடையது. அது நின்ற மனை மிராசுதாருடையது. மூங்கிலும் கீற்றும் நாங்கள் சேர்த்தவை. கூலி உயர்த்திக் கேட்டவரை அடிக்க வேண்டியதுகூட இல்லை, 'மனையைக் காலி பண்ணு' என்றால் போதும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இது இருக்கிறது. 1843இல் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பு நீக்கப்பட்ட பிறகும், குடியிருக்கும் மனை மீதான பிடியே பறையர்களை மிராசுதார்களிடம் கட்டிவைத்திருந்தது. அந்த அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். மனை பற்றி அதில் உள்ளதையும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961இல் வந்தது. அந்த மனையையே குடியிருப்போருக்கு உரிமையாக்கும் சட்டம் வர 1971 ஆனது. இரண்டுக்கும் நடுவில் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலிப் போராட்டம், செங்கொடிச் சங்கம் என்று காரணங்களைப் பேசுகிறோம், சரிதான். ஓடி ஒளிய அவர்களுக்கு இருந்தது ஒரு கீற்றுக்கூரைதான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்வீட்டு ஆசை அந்த இரவிலிருந்து தொடங்கியது. மழைக்குப் பயந்து அல்ல.

தாத்தா இறந்துவிட்டதால் பட்டா பாட்டி பெயருக்கு வந்தது. 1985-86இல் தொடங்கிய இந்திரா வீட்டுத் திட்டத்தில் பிறகு ஒரு தொகுப்பு வீடும் கிடைத்தது. ஒற்றை அறை. பத்தாம் ஆண்டில் கூரையில் கம்பி தெரிந்தது. பாம்புக்குப் பயந்ததைவிட, தூங்கும்போது காரை பெயர்ந்து விழுமே என்று பயந்ததுதான் அதிகம்.

நாங்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகு ஊர்த்தெருவில் மனை கேட்டோம். விலை படிந்தது, முன்பணத்துக்கு நாளும் குறித்தார்கள். முதல் நாள் இரவு, 'பங்காளிங்க ஒத்துக்கல' என்று தகவல் வந்தது. சமூகவியல் முதுகலையில் 'குடியிருப்புப் பிரிவினை' என்று இதற்குப் பதினைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். தொகுப்பு வீட்டை இடித்துவிட்டுப் பாட்டி மனையிலேயே கடைக்கால் எடுத்தோம். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அலைந்த மாதங்கள், சுவர் எழுப்பிய மாதங்களைவிட அதிகம்.

கொத்தனார், சித்தாள் எல்லாரும் உறவினர்கள். ஊர்த்தெருவின் மாடி வீடுகளையும் அவர்கள்தான் கட்டினார்கள். எந்தச் சுவரில் எத்தனை கம்பி என்று அவர்களுக்குத் தெரியும்; பால் காய்ச்சிய பிறகு அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை. எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று முதல் பந்தி அவர்களுக்கு. கொத்தனார் மாமா இலை முன் உட்காராமல், தான் பூசிய சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். அத்தை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கல்வீடு காப்பாற்றும் என்று முழுதாக நம்பவும் முடியவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தபோது, வெளிநாட்டு உழைப்பில் வாங்கிய பொருள்கள் நொறுக்கப்பட்டன, சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் நாசமாயின. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும், பெங்களூரில் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்த வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. கூரை மாறியது, கை வைப்பவர்கள் கூரையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தேடினார்கள். அப்பாவுக்கு இது தெரியும். வரைபடத்தில் பூஜை அறை என்று பொறியாளர் போட்டிருந்ததை அடித்துவிட்டு, சான்றிதழ்களுக்குச் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி கேட்டார்.

இராஜகிருகம் நினைவுக்கு வந்தது. 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, ரயிலுக்காகப் பூங்காவில் காத்திருந்த அம்பேத்கர், 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் தன் நூல்களை மனத்தில் வைத்தே அந்த வீட்டைக் கட்டினார். அப்பா இராஜகிருகத்தைப் பார்த்தவரில்லை.

மின் இணைப்பு விண்ணப்பத்தில் தெருப் பெயருக்குக் 'காலனி' என்றே எழுத வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எங்கள் மின் அட்டையில் இன்னும் இருக்கிறது. வாசலுக்கு மேலே என்ன எழுதுவது என்று மாமா கேட்டபோது, அப்பா பாட்டியின் பெயரைச் சொன்னார். மாமா சிமென்ட்டில் எழுத்துகளை ஒரு முழ உயரத்துக்கு வைத்தார். பஸ் போகும் ரோட்டிலிருந்து தெரியணுமாம்.